எண்ணிச் சொன்ன அடிகள்

குருமடத்தில் நாம் ஆடியது கால்பந்து. பூவிருந்தவல்லியின் புழுதியில், மாலை ஐந்து மணி வெயிலில், வெறுங்காலோடு ஆடினோம். கோல்ஃப் என்பது செல்வர் ஆட்டம், நமக்கும் அதற்கும் காத தூரம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அப்படிப்பட்ட நாம் ஐம்பத்தாறாம் வயதில், முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல், சென்னையின் மே மாதத்தில் பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு திடலைச் சுற்றி வந்தோம். அதற்கு விளையாட்டு ஆசை காரணமன்று. காவலூரில் ஒரு தகப்பன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

காவலூர் என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு நினைவில் எழுவது வானாய்வகந்தான். சவ்வாது மலையில் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், 1968-ஆம் ஆண்டு ஒரு சிறு தொலைநோக்கியோடு தொடங்கிய இடம் அது. 1977-இல் யுரேனஸ் கோளுக்கும் வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தபோது, அதைக் கண்ட கண்களுள் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்த பிரதமர் இராஜீவ் காந்தி, ஆய்வகத்திற்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். இவையெல்லாம் பெருமைதான். ஆனால் அந்த வெண்ணிறக் குவிமாடத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் வாழ்க்கைக் கணக்கு வேறு. மழை பொய்த்தால் மலையை விட்டு இறங்க வேண்டும். கட்டட வேலைக்கும் காப்பித் தோட்டத்திற்கும் இறங்குவோர் பலர்; செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டோரும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் இருபது தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் இம்மலைப் பகுதியினர். அன்று முதல், மகன் வெளியூரில் இருக்கிறான் என்றால் எங்கே என்று கேட்கும்போதே இங்குள்ள தாய்மார்களின் குரல் தணிந்துவிடுகிறது.

நாம் சொல்ல வந்த பெரியவரின் மகன் மலையிறங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. புறப்படுவதற்கு முன், அடிவாரத்து டீக்கடையில் செம்மரத் தரகன் ஒருவனோடு அவன் பேசிக்கொண்டிருந்ததைத் தகப்பனார் தம் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். பிறகு வந்த தொலைபேசியில் அவன் சொன்னது: “சென்னையில பந்து ஆடற எடத்துல பை தூக்கறேன்ப்பா.” அதைப் பெரியவர் நம்பவில்லை.

“பந்து ஆடறவன் தன் பையத் தானே தூக்கிக்க மாட்டானா சாமி? அதுக்கொரு ஆளா? அந்த ஆளுக்குக் கூலியா?” என்று நம்மிடம் கேட்டார். மகன் அனுப்பிய புகைப்படத்தையும் காட்டினார். பச்சைப் புல், பின்னால் மரங்கள், நடுவே பையன். “பச்சையாத்தான் இருக்குது. காடுன்னா பச்சையாத்தானே இருக்கும்?” அதற்கு நம்மிடம் விடையில்லை. சென்னைக்குப் போகும்போது நேரில் பார்த்து வந்து சொல்வதாக வாக்களித்தோம். (தகப்பன், மகன் இருவரின் இசைவோடுதான் இதை எழுதுகிறோம், பெயர்கள் வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம்.)

நம்மோடு பள்ளியில் படித்த மருத்துவர் ஒருவர் இவ்வாட்டத்தில் பித்துக்கொண்டவர். அவரிடம் செய்தியைச் சொன்னோம். “சாமியாரே, வேலை நேரத்தில் அவனை நிறுத்தி வைத்துப் பேச முடியாது. நீயே ஆடு. அவனையே உனக்குக் கேடியாகக் கேட்டு வாங்குகிறேன். நாலு மணி நேரம் பேசலாம்” என்றார். இரண்டு மாலைகள் பயிற்சித் திடலில் நம்மை வாட்டினார். மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்கால் மணிக்குத் திடலில் நின்றோம். எந்தத் திடல் என்பது இங்கு வேண்டாத செய்தி.

சென்னைக்கு இவ்வாட்டம் புதிதன்று. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே முதல் கோல்ஃப் மன்றம் 1829-இல் கல்கத்தாவில்தான் எழுந்தது. 1884-இல் தோன்றிய ஜிம்கானா மன்றத்தார் கிண்டிக் குதிரைப் பந்தய வட்டத்தின் நடுவே ஆடினார்கள். வெள்ளையர் மன்றங்கள் கதவடைத்த காலத்தில் இந்தியர்கள் 1873-இல் தமக்கென அமைத்துக்கொண்ட காஸ்மாபாலிட்டன் மன்றத்தின் திடல் நந்தனத்தில் இருக்கிறது. பந்தயக் கழகத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு இரத்து செய்ய, கிண்டி நிலம் வழக்குமன்றப் படியேறியது. இத்தனை ஏக்கர் நிலம் சிலருடைய ஆட்டத்திற்கா என்ற கேள்வி நியாயமானதே. நமக்கும் அது உண்டு. ஆனால் அன்று நம் கவலை வேறு.

பையன் நம்மை அடையாளம் கண்டுகொண்டான். ஒரு கணம் முகம் வெளுத்தது. “அப்பாவுக்கு ஏதாவது...?” என்றான். ஒன்றுமில்லை, நலமாக இருக்கிறார் என்ற பிறகே பையைத் தோளில் ஏற்றினான். பையில் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. குடையும் தண்ணீரும் சேர்ந்தால் கனம் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நமக்கு முன்னால் ஓடிப் பந்து விழுந்த இடத்தில் நிற்பான். நாம் மூச்சுவாங்கப் போய்ச் சேர்வோம்.

இனித் திடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், ஒரு சிறு செம்பின் வாயளவு. ஆறாயிரம் கெஜத்திற்கு மேற்பட்ட தொலைவில் அப்படிப் பதினெட்டுக் குழிகள். கைதேர்ந்தவர் எழுபத்திரண்டு அடிகளில் முடிப்பார். சென்னை மே மாதத்துத் தரை வெந்து இறுகியிருப்பதால், நேராக விழுந்த பந்தும் கல்லில் பட்டதுபோல் துள்ளிப் புதருக்குள் ஓடுகிறது. வியர்வையில் மட்டை கையை விட்டு வழுக்குகிறது. நகரைக் காப்பாற்றும் கடற்காற்றோ நண்பகலுக்கு முன் எட்டிப் பார்ப்பதில்லை. அதுவரை மேற்கேயிருந்து வரும் அனல்தான். 2003 மே 31 அன்று இந்நகரில் 45 பாகை வெப்பம் பதிவானது என்று மருத்துவர் நமக்கு ஆறுதல்போலச் சொன்னார். மலைவாசியான நமக்கு அது ஆறுதலாகத் தோன்றவில்லை.

நான்காம் குழிக்கு ஒரு குட்டையைத் தாண்டி அடிக்க வேண்டும். இரண்டு பந்துகளை அதற்குக் காணிக்கை கொடுத்தோம். ஏழாம் குழியருகே மணற்பள்ளம். நாம் வெட்டிய வெட்டில் மணல்தான் பறந்தது, பந்து நகரவில்லை. பையன் சிரிக்கவில்லை. “கீழே பாருங்க சாமி. பந்து எங்க போகும்னு பாக்காதீங்க, அது எங்க இருக்குதுன்னு பாருங்க” என்றான். குழியருகே புல்தரையில் குனிந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்துச் சாய்வைச் சொல்வான். நம் கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் இடத்தில், இடது பக்கம் இரண்டு விரற்கடை சரிவு என்பான். அவன் சொன்னபடி அடித்த ஒரு பந்து, நம் வாழ்நாளில் முதன்முறையாக, நீண்ட தொலைவு ஊர்ந்துபோய்க் குழிக்குள் விழுந்தது. மருத்துவர் கைதட்டினார். நாமும் சற்றே தலை கனத்துப் போனோம்.

நடக்க நடக்கப் பேசினான். தரகன் முன்பணத்தை நீட்டியது மெய். வாங்காமல் வாணியம்பாடியில் இரயிலேறிவிட்டான். முதல் சில மாதங்கள் கட்டடம் ஒன்றில் சிமெண்டு மூட்டைகளுக்கிடையே படுத்திருக்கிறான். இங்கே மாதச் சம்பளம் கிடையாது. சுற்றுக்கு இவ்வளவு என்ற கூலிதான். மழை பெய்தால் அதுவும் இல்லை. ஆனாலும் விடியற்காலையில் யாரும் வராத நேரத்தில் ஒரு பழைய மட்டையால் அவனும் அடித்துப் பார்க்கிறான். கேடிகளாக இருந்தவர்கள் மட்டை பிடித்து வென்ற கதைகள் அவனுக்கு மனப்பாடம். டெல்லியின் அலி ஷேர் 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றதும், 2009-இல் பெங்களூரின் முனியப்பா வென்றதும் அவன் சொல்லித்தான் நமக்குத் தெரியும். பதிலுக்கு நாமும் ஒரு கதை சொன்னோம். 1971 பிப்ரவரியில் ஆலன் ஷெப்பர்டு என்ற விண்வெளி வீரர் நிலவில் நின்று இரண்டு பந்துகளை அடித்தார். மண் எடுக்கும் கருவியின் காம்பில் மட்டைத் தலையை மாட்டி, ஒரு கையால் அடித்தார்.

“அந்தப் பந்து ரெண்டும் எங்க சாமி?”

“அங்கேயேதான்.”

“கேடி இல்லாம ஆடுனா அப்படித்தான்” என்றான்.

பத்தாம் குழியைத் தாண்டியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் நால்வர் அணியில் ஒருவர், பெரிய மனிதர், மரவேர் அருகே கிடந்த தம் பந்தைக் காலணி நுனியால் மெல்லத் தள்ளி வெளியே வைத்தார். நாம் பார்த்தோம். பையனும் பார்த்தான், உடனே ஏதோ பறவையைத் தேடுபவன்போல் வானத்தைப் பார்த்தான். இவ்வாட்டத்தில் நடுவர் உடன் வருவதில்லை. தன் அடியைத் தானே எண்ணிச் சொல்ல வேண்டும். 1925-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்பவர், யாரும் காணாத வேளையில் தம் பந்து இம்மியளவு அசைந்துவிட்டது என்று தாமே அறிவித்துத் தண்டம் ஏற்று, அதனால் பட்டத்தையே இழந்தார். அந்த வரலாற்றை மருத்துவர் முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார். எனவே பெரிய மனிதரைப் பற்றி மனத்துக்குள் ஒரு மறையுரையே தயாரித்துக்கொண்டு நடந்தோம்.

அடுத்த குழியிலேயே நம் பந்து வேலிகாத்தான் புதரருகே அடைந்தது. இருமுறை ஓங்கி வீசினோம். இருமுறையும் மட்டை காற்றைத்தான் வெட்டியது. ஒருவழியாகக் குழியை முடித்தபோது, “எத்தனை?” என்று மருத்துவர் குரல் கொடுத்தார்.

“ஏழு” என்றோம்.

அந்த எண் எவ்வளவு இயல்பாக நம் நாவில் வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மற்றவர்கள் நகர்ந்த பின் பையன் அருகில் வந்து, தாழ்ந்த குரலில், “ஒம்பது சாமி. காத்துல வீசுனதும் கணக்குத்தான்” என்றான்.

முப்பது ஆண்டுகளாக மற்றவர்கள் தங்கள் கணக்கைச் சொல்லக் கேட்டு அமர்ந்திருப்பவர் நாம். அவ்விடத்தில் பேச்சு வரவில்லை. பிறகு சற்றே சினத்தோடு, “அவர் காலால் தள்ளியதைப் பார்த்தும் பேசாமல்தானே இருந்தாய்?” என்று கேட்டுவிட்டோம். கேட்டிருக்கக் கூடாது.

அவன் பையைத் தோள் மாற்றிக்கொண்டான். “அவரு பைய வேற ஆளு தூக்கறான். அதுவுமில்லாம, நீங்கதானே ஊருக்குப் போயி எங்கப்பாகிட்ட என்னயப் பத்திச் சொல்லப் போறீங்க? உங்க கணக்கு சரியா இருக்கணும் சாமி.”

வேகமாக நடந்து மருத்துவரிடம் போய் ஒன்பது என்று திருத்தினோம். “யார் கேட்டார்கள், ஐயா?” என்று சிரித்துக்கொண்டே அட்டையில் எழுதிக்கொண்டார். எஞ்சிய குழிகள் எல்லாவற்றிலும் ஒவ்வோர் அடியையும் வாய்விட்டு எண்ணினோம். பதினெட்டாம் குழியில் பந்து விழுந்தபோது மொத்தம் நூற்று ஐம்பத்தொன்று. நால்வரில் கடைசி, அந்தத் திடலிலேயே அன்று கடைசியாகவும் இருக்கலாம்.

நான்கு நாள் கழித்து, ஆலங்காயம் வழியாக வந்த பேருந்தில் காவலூரில் இறங்கினோம். பெரியவர் திண்ணையில் புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்ததையும், பையின் கனத்தையும், தரகனின் பணத்தை அவன் வாங்காததையும் சொன்னோம். எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“நீங்களும் ஆடுனீங்களா சாமி?”

“ஆடினோம்.”

“எத்தன அடி?”

“நூற்று ஐம்பத்தொன்று.”

“நல்லா ஆடறவன் எத்தனையில முடிப்பான்?”

“எழுபத்திரண்டில்.”

பெரியவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உடல் குலுங்கச் சிரித்தார். “அப்ப மெய்தான் சாமி. பொய் சொல்றதா இருந்தா கொறச்சுல்ல சொல்லியிருப்பீங்க?”

மகன் கொடுத்தனுப்பிய பந்தை அவர் கையில் வைத்தோம். உருட்டிப் பார்த்தார், மேலெல்லாம் இருந்த சிறு பள்ளங்களை விரலால் தடவினார், வாசற்கல்லில் ஒருமுறை போட்டார். அது கூரை உயரம் எழும்பவே கட்டியிருந்த ஆடு மிரண்டது. உள்ளிருந்து அவர் மனைவி வந்து, ஒன்றும் கேட்காமல் பந்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

மகனோடு பேச வேண்டும் என்றார் பெரியவர். தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் பாறை வரை மூவரும் ஏறினோம். எண்ணை அழுத்திக் கொடுத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. நேரம் காலை பத்து. அவன் யாருடைய பையையோ தூக்கிக்கொண்டு எட்டாம் குழிக்கும் ஒன்பதாம் குழிக்கும் இடையே நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

“இருக்கட்டும். வேலையில இருப்பான்” என்று சொல்லிவிட்டு, பெரியவர் அந்தப் பாறையிலேயே காத்திருக்க அமர்ந்தார்.