புற்றைக் கண்டு எழுப்பிய மாளிகை

ஆபிரிக்காவின் தென்பாகத்திலே, சாம்பேசி நதிக்கும் லிம்போப்போ நதிக்கும் இடையில் விரிந்து கிடப்பது சிம்பாப்வே நாடு. அதன் தலைநகராகிய ஹராரே ஏறத்தாழ 1,490 மீற்றர் உயரத்தில் அமைந்தது. நமது பண்டாரவளையிலும் உயர்ந்தது, நுவரெலியாவிலும் தாழ்ந்தது. நாம் அங்கு சென்றது ஒக்டோபர் மாதம். வருடத்தில் வெப்பம் மிக்க காலம் அதுவே. வீதியோரத்து ஜக்கரண்டா மரங்கள் ஊதா மலர்களைச் சொரிந்து நின்ற அழகை எழுதப் புகின் இப்பக்கம் போதாது.

நாம் காண விரும்பியதோ ‘ஈஸ்ட்கேற்’ என்னும் கடைத்தொகுதியை. 1996ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட இக்கட்டிடம், ஒன்பது மாடிகள் கொண்ட இரு நீண்ட பகுதிகளாக எதிரெதிரே நிற்கின்றது. நடுமுற்றத்தைக் கண்ணாடிக் கூரை மூடியிருக்கின்றது. கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். கூரையின்மேல் செங்கல்லாற் கட்டிய 48 புகைபோக்கிகள் வரிசையாக நிற்றலைக் காண்போர், ஏதோ தொழிற்சாலையென்றே மயங்குவர். அவற்றினூடே புகை வருவதில்லை. மாந்தர் மூச்சாலும் விளக்காலும் சூடேறிய காற்றே வெளியேறுகின்றது.

வளிச்சீராக்கி இயந்திரம் பொருத்தாமல் இத்துணைப் பெரிய கட்டிடம் குளிர்ந்திருப்பது எங்ஙனம்? ஹராரேயின் பகலுக்கும் இரவுக்கும் பெரும்பாலும் பத்துப் பாகைக்கு மேற்பட்ட வெப்ப வேறுபாடு உண்டு. அதுவே இம்மாளிகையின் மூலதனம். இரவிலே விசிறிகள் குளிர்காற்றை இழுத்து, தளங்களின் அடியே விடப்பட்ட வெற்றிடங்களினூடே செலுத்துகின்றன. அங்கே கொங்கிறீற்றிற் பற்கள்போலத் துருத்திய அமைப்புகள் உள. காற்றுத் தீண்டும் பரப்பைப் பெருக்குவதே அவற்றின் வேலை. விடியுமுன் கொங்கிறீற்றுக் குளிர்ந்துவிடும். பகலில், அதனைத் தழுவிய காற்று அறைகளுக்குள் மெல்ல விடப்படுகின்றது. சூடேறியதும் மேலெழுந்து புகைபோக்கி வழியே அகலுகின்றது. வெப்பக் கொள்ளளவு என்று நம் மாணவர் மனனஞ் செய்யும் பாடம் இங்கே ஒன்பது மாடியாக நிற்கின்றது!

சாளரங்கள் சிறியன, வெயில் நேரே படாதவாறு நிழல் தரும் அமைப்புகளும் உள. அந்நாட்டிற் சூரியன் பெரும்பாலும் வடக்கே சாய்ந்திருத்தலால் வடபுறத்துச் சுவருக்கே காவல் அதிகம்.

இதனை வகுத்தவர் சிம்பாப்வேயிற் பிறந்த கட்டிடக் கலைஞர் மிக் பியேர்ஸ். கறையான் புற்றின் காற்றோட்டமே அவருக்கு வழிகாட்டியது. கறையான் எடுத்த புற்றிற் கருநாகம் குடிபுகுந்த கதையை நாம் அறிவோம். இங்கே குடிபுகுந்தவர் வணிகர். இன்னுமொரு வேடிக்கை: புற்று தன் வெப்பநிலையைச் சீராக்கவன்று, சுவாசப்பைபோல வாயுக்களை மாற்றவே பயன்படுகின்றதென 2008இல் ரேணர், சோர் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினர். புற்றைப் பற்றிய கருத்துப் பிழைத்தது, மாளிகை பிழைக்கவில்லை.

வளிச்சீராக்கிகளை இறக்குமதி செய்யாமையால் மட்டும், 3 கோடியே 60 இலட்சம் டொலர் செலவில் 35 இலட்சம் டொலர் மிச்சமாயிற்று என்பர். பணத்தினும் பெரியது வேறொன்று. 2019இல் அந்நாட்டு மக்கள் நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம்வரை மின்சாரமின்றி இருந்தனர். 2022இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைக் கண்ட நமக்கு அதன் துன்பத்தை விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் நின்றால் இங்கும் விசிறி நிற்கும். ஆனால் தளத்திலே சேமித்த குளிர் உடனே ஓடிவிடாது. எனினும் இது கட்டிவிட்டு மறக்கத்தக்க மாளிகையன்று. இரவு விசிறிகளைக் காலந்தவறாது இயக்குதலும், காற்று வழிகளைத் துப்புரவாக வைத்திருத்தலும் பராமரிப்போர் கடன். இரவு புழுங்கினால் மறுநாளும் புழுங்கும்.

ஆகவே இதனை அப்படியே கொழும்பிற் கட்டிவிடலாமென எண்ணுவோர் சற்றே பொறுக்க வேண்டும். கடலோர நகரில் இரவுக்கும் பகலுக்கும் வேறுபாடு சில பாகைகளே; ஈரப்பதனும் மிகுதி. அங்கு கொங்கிறீற்றுக்கு ஓய்வில்லை. பண்டாரவளை, தியத்தலாவை போன்ற மலைநாட்டு ஊர்களிலாயின் முயன்று பார்க்கலாம். அவ்விடங்களிற் கடைத்தொகுதி எழுப்ப எண்ணுவோர், வளிச்சீராக்கிக்கு விலை கேட்குமுன் இரவுக் காற்றின் வெப்பநிலையை ஒரு மாதம் அளந்து குறித்து வைப்பாராக.