மாமியாரும் நான்கு ரிமோட்டுகளும்

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். என் மாமியார் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது 78. அவர் தவறாமல் பார்க்கும் தொடர் ஓடும் நேரம் அது.

"ஏன் அத்தை, டி.வி. போடலையா?"

"கண்ணு வலிக்குதும்மா" என்றார்.

நான்கு நாட்களும் இதே பதில். கண் டாக்டரிடம் போகலாம் என்று நான் கிளம்பிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. "எதை எதையோ அமுக்கினேன். படம் வந்தா சத்தம் வரல. கெடுத்து வெச்சிட்டேனோன்னு பயமாயிடுச்சு. தம்பி ஆசையா வாங்கினதாச்சே!"

எனக்குச் சுருக்கென்றது. டி.வி., செட்-டாப் பாக்ஸ், சவுண்ட் பார், இணையப் படங்களுக்கு ஒரு ஸ்டிக் என்று டீப்பாய் மேல் நான்கு ரிமோட்டுகள். பெரியவர் ஒருவர் தம் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி ஆகிவிட்டாரே!

என் கணவர் கடையில் விசாரித்தார். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் கன்ட்ரோல் சிஸ்டம் வைக்கலாம், ரூ. 40,000 ஆகும் என்றார்களாம். "ரெண்டு நாள் பொறுங்க" என்றேன் நான்.

பாத்திரம் வாங்கும்போது வீட்டில் எத்தனை பேர், தினம் என்ன சமையல் என்றுதானே முதலில் பார்ப்போம்? அதேபோல் நோட்டில் மூன்று கேள்விகள் எழுதினேன். ஒரு வேலைக்கு எத்தனை சாமான்களைப் போட வேண்டும்? யார் யார் இயக்குவார்கள்? சாமான்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளுமா?

அத்தையின் தொடருக்கு மூன்று சாமான்கள். இயக்குவது நாங்கள் ஐந்து பேர்தான். மூன்றாவது கேள்விக்குக் கல்லூரியில் படிக்கும் என் மகன் பதில் சொன்னான். எச்.டி.எம்.ஐ. கேபிளில் சி.இ.சி. என்று ஒரு வசதி உண்டாம். டி.வி.யின் செட்டிங்கில் அதைப் போட்டுவிட்டால், டி.வி.யோடு சவுண்ட் பாரும் தானே எழுந்து, தானே அணையும். கேபிளை டி.வி.யில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய துளையில் செருக வேண்டும். எங்கள் வீட்டில் வேறு துளையில் இருந்தது!

செட்-டாப் பாக்ஸ் மட்டும் இந்தக் கூட்டணியில் சேரவில்லை. ஆனால் அதன் ரிமோட்டுக்கு டி.வி.யை அணைக்கவும் சத்தம் கூட்டவும் கற்றுக்கொடுக்க முடிந்தது. இனி அத்தைக்கு ஒரே ரிமோட். மற்றவை மேஜை டிராயருக்குள் போயின. இரவு படம் பார்த்து முடித்ததும் செட்-டாப் பாக்ஸுக்கு மாற்றிவிட்டுத்தான் அணைக்க வேண்டும் என்பது மகனுக்கு நான் போட்ட சட்டம். செலவு ஒரு காசும் இல்லை.

கன்ட்ரோல் சிஸ்டமே வீண் என்று சொல்ல மாட்டேன். என் தங்கை டீச்சர். அவள் பள்ளி அரங்கில் புரொஜெக்டர், மோட்டார் திரை, மைக், விளக்குகள் எல்லாம் உண்டு. தினம் ஒரு டீச்சர் இயக்குவார். பல்பு வைத்த புரொஜெக்டரை அணைத்தவுடன் மின்சாரத்தை நிறுத்திவிடக் கூடாது, உள்ளே விசிறி ஓடிச் சூடு தணிய வேண்டும். இப்படி வரிசை தவறாமல் நடக்க வேண்டிய இடத்தில் அது தேவைதான். வீட்டுக் கூடத்தில் வைத்தால், ஒரு சாமானை மாற்றினாலும் புரோகிராம் போட்டவரை மறுபடி கூப்பிட வேண்டி வரலாம்.

சகோதரிகளே, பணத்தை எடுக்கும் முன் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் "கண் வலிக்குது" என்றால் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்தும் கேளுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் சமையலறைக்குத் தொடரின் சத்தம் பலமாகவே கேட்டது. குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை!