உலக்கையை இறக்கி வைத்த கொல்லிமலைப் பெண்கள்

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகச் சென்றால் காரவள்ளி அடிவாரம் வரும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். வழியெங்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அதன் நிழலில் காபி, இடையில் பலாவும் வாழையும். சுற்றுலா வருகிறவர்கள் ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். ஆனால் விவசாயிகள் பார்க்க வேண்டிய கொல்லிமலை, செம்மேட்டில் இருந்து பிரிந்து செல்லும் சிறு பாதைகளின் ஓரத்தில், மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில் இருக்கிறது.

இந்த மலையின் மேட்டுக் காடுகளில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும்தான் விளைந்தன. சாமையிலேயே பெருஞ்சாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று பல ரகங்கள். தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை. எந்த நிலத்துக்கு எந்த ரகம், எது சீக்கிரம் கதிர் முற்றும், எது சோற்றுக்கு நல்லது என்பதெல்லாம் பெண்களுக்கு மனப்பாடம். விதைக்கென்று நல்ல கதிர்களைத் தனியே எடுத்து வைப்பவர்களும் அவர்களே.

பிறகு மரவள்ளி வந்தது. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கை ஏற்றிவிட்டால் கையில் பணம் கிடைக்கும். ரேஷன் கடையில் அரிசியும் கிடைத்தது. சாமைக் காடுகள் ஒவ்வொன்றாக மரவள்ளிக் காடுகளாயின. சிறுதானியம் குறைந்ததற்கு எல்லோரும் சொல்லும் காரணம் இதுதான். ஆனால் பெண்களைக் கேட்டால் இன்னொரு காரணமும் வரும்: உரலும் உலக்கையும்.

கேழ்வரகுக்கு இறுகிய உமி கிடையாது. அடித்துப் புடைத்து, திருகையில் அரைத்தால் களிக்கு மாவு தயார். சாமையும் தினையும் அப்படியல்ல. சிறிய மணியை உமி இறுகப் பற்றியிருக்கும். காயவைத்து, குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தி, கல் பொறுக்கினால்தான் சோறு. காட்டு வேலை, விறகு, தண்ணீர், பிள்ளைகள் எல்லாம் பார்த்துவிட்டு இந்த வேலையும் பெண்கள் தலையில். ‘சாமை சத்தானது, விதையுங்கள்’ என்று ஆண்களிடம் எத்தனை முறை சொன்னாலும், குத்துகிற கைகளிடம் கேட்காத வரை அந்தப் பயிர் திரும்பி வராது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு சிறுதானியப் பாதுகாப்பு வேலையைத் தொடங்கியது. ஊர்களில் சுய உதவிக் குழுக்கள் அமைந்தன. சேமிப்பும் கடனும் பேசக் கூடிய இடத்தில் விதையும் பேச்சுக்கு வந்தது. விதைப் பேச்சு கடைசியில் உரலில் வந்து நின்றது. அதற்கு விடையாக, உமி நீக்கும் இயந்திரமும் மாவு மில்லும் சில ஊர்களில் வந்தன. அவற்றை நடத்தும் பொறுப்பும் குழுக்களிடமே தரப்பட்டது.

மில்லில் முறைக்குக் காத்திருக்கும் நேரத்தில், ‘உங்க காட்டுல எந்தச் சாமை போட்டீங்க, இந்த வருசம் மழைக்கு நின்னுச்சா?’ என்ற பேச்சு தானாக வரும். ஓர் ஊரில் அற்றுப்போன ரகம் இன்னோர் ஊரின் தொம்பையில் இருப்பது இப்படிப் பேசினால்தான் தெரியும். தொம்பை என்பது மூங்கிலால் பின்னி மண் பூசிய தானியக் குதிர். அந்தப் பெயரிலேயே ஊர் விதை வங்கிகளும் ஏற்பட்டன. விதை வாங்கியவர் அறுவடைக்குப் பின் வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். அடுத்த வருடம் இன்னொரு வீட்டுக்கு விதை கிடைக்க அதுவே வழி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. மலையில் இன்றும் மரவள்ளி பரவலாக இருக்கிறது. ஒரு சிற்றூரின் விளைச்சலை மட்டும் நம்பி இயந்திரம் ஓட்டினால் மின் கட்டணத்துக்கும் பழுதுக்கும் கட்டாது. சாமை விதைப்பவர்கள் கூடினால்தான் மில் ஓடும். மில் ஓடினால்தான் விதைப்பவர்கள் கூடுவார்கள்.

‘எங்கள் ஊர்க் குழுவும் இதைச் செய்யலாமா?’ என்று நினைக்கும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள்:

• இயந்திரம் வாங்கும் முன், சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை ஏக்கர் சிறுதானியம் இருக்கிறது என்று கணக்கெடுங்கள். பக்கத்து ஊர்க் குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

• தானியம் நன்கு காய்ந்து, கல், மண் நீங்கியிருக்க வேண்டும். ஈரம் இருந்தால் உமி சரியாகப் பிரியாது.

• சாமையை வரிசையில் விதைத்தால் ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். தூவினால் 5 கிலோ வேண்டும். வரிசை விதைப்பில் களை எடுப்பதும் எளிது.

• விதைக் கதிர்களை அறுவடைக்கு முன்பே தேர்ந்தெடுத்து, தனியாக அடித்துக் காயவையுங்கள். ரகத்தின் பெயரை எழுதி வையுங்கள்.

ஆடிப் பதினெட்டையொட்டி செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். அப்போது மலைக்குச் செல்பவர்கள் அருவியோடு திரும்பிவிடாமல், ஒரு மில் வாசலிலும் சிறிது நேரம் நின்று வரலாம். வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் அவர்களிடம்தான் இருக்கும்.