கீழே ஒரு ஊர் இருக்கு!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாடா என்று பேரவைச் செயலாளன் ஒரு வாரமாக விரட்டிக்கொண்டிருந்தான். அரியரைப் பற்றி எழுதினால் அத்தனை பேரும் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்! ஆனாலும் நான் எழுதப் போவது ஒரு நாலாங் கிளாஸ் பையனின் பாடத்தைப் பற்றி. சிரிக்காமல் மேலே படியுங்கள்.

பையன் என் அக்கா மகன். எங்கள் ஊர் சின்னமனூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையோரம். ஊர்த் தொடக்கப்பள்ளியில்தான் படிக்கிறான். 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்து, மூட்டை மாதிரி இருந்த புத்தகம் மூன்றாகப் பிரிந்தது நினைவிருக்கும். ஜனவரியில் தொடங்கும் கடைசிப் பருவத்தை அவன் டீச்சர் தண்ணீர், குப்பை, செடி என்று பங்கு போட்டு, சுற்றுச்சூழலுக்கே ஒதுக்கிவிட்டார். பாடம் என்னவோ புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுத விடவில்லை. தெருவில் போய்ச் செய்யச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை!

முதல் வினை குழாய்க்கு. எங்கள் கோயில் முக்கில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதன் குழாய் ரொம்ப நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஊரே அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. பையன் ஒரு லிட்டர் பாட்டிலை அடியில் வைத்துவிட்டு என் வாட்ச்சைக் கேட்டான். பாட்டில் நிரம்ப 20 நிமிடம். அப்படியானால் மணிக்கு 3 லிட்டர். நாளைக்கு 72. வருடத்துக்கு 26,280 லிட்டர்! கடைசிப் பெருக்கலுக்கு மட்டும் என் கால்குலேட்டரை வாங்கிக்கொண்டான்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பதுதான் கணக்கு. அதாவது எங்கள் முக்கில், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆள் குடியிருந்து, நமக்கு உரியதைவிட அதிகமாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார்! ஹைட்ராலிக்ஸ் லேபில் வி-நாட்ச் வைத்து டிஸ்சார்ஜ் எடுத்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கி நாம் மூடி வைக்கிற அதே கணக்குத்தான் நண்பர்களே. அவன் மூடி வைக்கவில்லை.

"மாமா, இஞ்சினியருக்குப் படிக்கிறேங்கிற. இத நிறுத்த முடியாதா?"

ஒரு வாஷர்தான். வாங்கி மாட்டினேன். நின்றுவிட்டது.

அடுத்தது ஆறு. ஒரு நாள் டீச்சர் பள்ளிக்கூட முற்றத்தில் சாக்பீஸால் நீளமாக ஒரு ஆறு வரைந்து, பிள்ளைகளை ஆளுக்கொரு ஊராக நிற்க வைத்தாராம். லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, வைகை அணை, மதுரை. மேலே நிற்கிற பிள்ளை கையில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர். ஒவ்வொரு ஊரும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, ஒரு சிட்டிகை மண்ணைப் போட்டு அடுத்த ஊருக்குக் கொடுக்க வேண்டும். மதுரையாக நின்ற பிள்ளையிடம் வந்து சேர்ந்தது அரைச் சொம்புக் கலங்கல்! "எந்த ஊர் கெடுத்துச்சு?" என்று டீச்சர் கேட்டாராம். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் ஒரு சிட்டிகைதானே போட்டார்கள்!

நம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேண்டுமா? மேற்கே கடலுக்குப் போன பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பியவர் பென்னிகுவிக். 1887இல் தொடங்கிய அணை வேலை 1895இல் முடிந்தது. அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்பில் மணிமண்டபமும் திறந்தாயிற்று. அந்தத் தண்ணீரால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கருக்கு இருபோகம். மிச்சம் கீழே போய் வைகையோடு சேர்ந்து, 1959இல் திறந்த வைகை அணையில் நிற்கிறது. மதுரைக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. நமக்கு மேலே இருந்து வந்ததைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். நமக்குக் கீழே போவதைப் பற்றி யார் பேசுகிறோம்?

அக்கா மகன் பேசினான். அதுவும் எங்கள் அப்பாவிடம்!

அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். ஆமாம், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் பன்னீர் திராட்சைதான். கொடிக்கு வருகிற நோய்க்கு மருந்து அடித்தாக வேண்டும். அடித்து முடித்ததும் டேங்கையும் டப்பாவையும் வாய்க்காலில் அலசுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அன்றைக்கும் அலசினார். கரையில் நின்ற பையன் மெதுவாகக் கேட்டான்:

"தாத்தா, கீழ ஒரு ஊர் இருக்குல்ல?"

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நாலாங் கிளாஸ் பய எனக்கு வெள்ளாமை சொல்லித் தர்றியா? இம்புட்டுத் தண்ணியில இத்துனூண்டு மருந்து என்னடா செய்யும்?"

"எல்லாரும் இத்துனூண்டுதான் தாத்தா போடுறாக..."

பதில் இல்லை. ரெண்டு நாள் பேரனோடு பேச்சும் இல்லை. "சின்னப் பய ஏதோ கேட்டுட்டான், விடுங்க" என்று அம்மா சமாதானம் பேசிப் பார்த்தார். மனுஷர் அசையவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நான் பேசியிருந்தால் அது படித்தவன் திமிராகப் போயிருக்கும்!

அடுத்த முறை மருந்தடிப்பு வந்தது. அப்பா டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூன்று முறை குலுக்கி அலசி, மூன்று முறையும் அந்தத் தண்ணீரை மருந்து டேங்கிலேயே ஊற்றினார். கடைசியில் டேங்கைக் கழுவிய தண்ணீரையும் கொடிக்கே அடித்தார். காலி டப்பாவை யாரும் எண்ணெய், தண்ணீர் ஊற்றி வைக்க எடுத்துவிடக் கூடாதென்று ஆணியால் ஓட்டை போட்டார். வேளாண்மைப் புத்தகங்களில் சொல்கிற முறையும் இதுதான். "ஒட்டிக்கிட்டு இருக்கிற மருந்தும் காசு குடுத்து வாங்குனதுதான?" என்றார். பேரனிடம் அல்ல, அம்மாவிடம்! கௌரவம் ஒன்று இருக்கிறதே. ஆனால் அன்று சாயங்காலம் பேரனுக்கு ஒரு கொத்துத் திராட்சை வந்தது.

எல்லாம் ஜெயித்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். குப்பைப் பாடத்தில் பிள்ளைகள் தோற்றார்கள். மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று ஒரு வாரம் வீடு வீடாகப் பிரித்தார்கள். குப்பை வண்டி வந்தது. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தது. பையன் முகம் தொங்கிப் போனது.

"அப்ப எதுக்கு மாமா பிரிக்கச் சொன்னாக?"

நண்பர்களே, இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. பிள்ளைகள் பாடத்தை மட்டுமா கற்கிறார்கள்? பெரியவர்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள தூரத்தையும் சேர்த்துத்தான் கற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்குத் தடை. 2021 டிசம்பர் 23இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. பிள்ளைக்கு இந்தத் தேதியெல்லாம் தெரியாது. கடைக்காரர் கேரி பேக்கை நீட்டுவதும், மாமன் கை நீட்டி வாங்குகிறானா இல்லையா என்பதும்தான் அவன் கண்ணுக்குத் தெரியும்.

டீச்சர் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. மக்கும் குப்பை பள்ளியை விட்டு வெளியே போனால்தானே கலக்கும்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குழி வெட்டச் சொன்னார். கீழே வாழைச் சருகு. நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்? அதன்மேல் சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோல், முட்டை ஓடு. மேலே சாணிக் கரைசல், கொஞ்சம் மண். திரும்ப அதே அடுக்கு. காயாமல் தண்ணீர் தெளித்து, அவ்வப்போது கிளறி விட்டார்கள். மூன்று மாதத்தில் கறுப்பாக, மண் வாசனையோடு உரம். பருவம் முடிவதற்குள் முருங்கைக் கன்றுக்கு வைத்துவிட்டார்கள். கையில் அள்ளிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். "மோந்து பாரு மாமா, நாத்தமே இல்ல!"

சுற்றுச்சூழல் பாடம் எல்லா மாணவர்க்கும் கட்டாயம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22இல் எம்.சி.மேத்தா வழக்கில் சொன்னது. அதற்கு முன்பே 1987இல் ஐ.நா.வுக்காக பிரண்ட்லண்ட் குழு 'நீடித்த வளர்ச்சி' என்றால் என்ன என்று விளக்கியது. இன்றைய தேவையை முடித்துக்கொள்ளும்போது, பின்னால் வருகிறவர்களின் தேவைக்கு வழியில்லாமல் செய்துவிடக் கூடாது என்பதே அதன் சாரம். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்ய நமக்கு அரைமணி நேரம் ஆகும். அக்கா மகன் நாலே வார்த்தையில் முடித்துவிட்டான்: கீழே ஒரு ஊர் இருக்கு! யோசித்துப் பாருங்கள். ஆற்றில் நமக்குக் கீழே மதுரை இருக்கிற மாதிரி, காலத்தில் நமக்குக் கீழே இருக்கிற ஊர் இந்தப் பிள்ளைகள்தான். நாம் விட்டு வைக்கிற தண்ணீர்தான் அவர்கள் சொம்புக்குப் போய்ச் சேரும்.

சரி, நாம் என்ன செய்வது? கோஷம் போட வேண்டாம். இறுதியாண்டு பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறோமே, இதோ இருக்கிறது! ஒவ்வொரு பேட்சும் பக்கத்தில் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். சிவில் நண்பர்கள் கூரையை அளக்கட்டும். ஒரு சென்ட் கூரையில் ஒரு செ.மீ. மழை பெய்தால் சுமார் 400 லிட்டர் தண்ணீர். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாகிவிட்டது. குழாய் உடைந்திருக்கிறதா, குழி தூர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சரி செய்யட்டும். மெக்கானிக்கல் நண்பர்கள் குழாயும் பம்பும் பார்க்கட்டும். எலக்ட்ரிகல் நண்பர்கள் விளக்கு, மின்விசிறியின் யூனிட் கணக்கைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து போடட்டும்.

அளக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. கேட்கவும் தெரிந்துகொண்டார்கள். ஸ்பேனர் பிடிக்கிற கை நம்மிடம் இருக்கிறது. வருகிற ஜனவரியில் பருவம் தொடங்கும்போது போகலாம். என்னோடு வருகிறவர்கள் பெயர் கொடுங்கள். சின்னமனூர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கும்!

— இறுதியாண்டு மாணவன், சிவில் துறை