கட்டத் தெரிந்த கைகள்

சவுதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ கடல் கார்கோவில் வந்து கல்முனையில் ஒரு வீட்டு வாசலில் இறங்கும் பெட்டியைப் பார்த்த மாத்திரத்திலேயே, அதைக் கட்டியவர் வெளிநாட்டுக்குப் பழசா புதுசா என்று சொல்லிவிடலாம். புதிதாகப் போனவரின் பெட்டி வயிறு பிதுங்கி, மூலைகள் அமுங்கி, மேல்மூடி குழிந்து வரும். பழகியவரின் பெட்டி எட்டு மூலையும் எழும்பி நிற்கும். பெயர், பாஸ்போட் இலக்கம், ஊர், தொலைபேசி இலக்கம் எல்லாம் ஒவ்வொரு பக்கத்திலும் கறுப்பு மாக்கரில் எழுதியிருக்கும். ஒரு பக்கம் உரசி அழிந்தாலும் இன்னொரு பக்கம் மிஞ்ச வேண்டுமென்ற கணக்கு அது.

சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எங்கள் கரையோரத்தில் இந்தப் பெட்டி வராத தெரு இல்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்கவென்றே காக்காமார் வளைகுடாவுக்குப் போனார்கள். காசு வங்கியில் வந்தது. மற்றதெல்லாம் பெட்டியில் வந்தது. பெட்டிக்குள் என்ன வந்தது, யாருக்கு எது கிடைத்தது என்று ஊரே பேசும். அதைக் கட்டுவதற்கு எவ்வளவு அறிவு வேண்டியிருந்தது என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

அந்தப் பெட்டி வரும் பாதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமாமிலோ ஜித்தாவிலோ கொள்கலனுக்குள் பெட்டிமேல் பெட்டியாக அடுக்குகிறார்கள். பகலில் இரும்புக் கூரை கொதிக்கிறது. இரவில் அது குளிர்ந்ததும் உள்ளே அடைபட்ட ஈரக்காற்று கூரையில் நீராகத் திரண்டு சொட்டுகிறது. காட்போட்டுக்குப் பலம் கொடுப்பது இரண்டு தாளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் நெளிதாள். 1871இல் நியூயோர்க்கில் அல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் கண்ணாடிப் போத்தல்களைச் சுற்றி அனுப்பவென்று அந்த நெளிதாளுக்குக் காப்புரிமை பெற்றார். காய்ந்திருக்கும்வரை அது மனிதனின் பாரத்தையே தாங்கும். ஈரம் பட்டால் நெளிவு படுத்துவிடும், பெட்டி மாவாகிவிடும். அதனால்தான் பழகியவர்கள் பிரவுண் டேப் ஒட்டியதோடு விடுவதில்லை. பெட்டி முழுவதையும் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி, அதற்குமேல் நைலோன் கயிறு போடுவார்கள். சிலர் உரப்பையை விரித்து, அதற்குள் பெட்டியை வைத்து, சாக்கு ஊசியால் தைத்தும் அனுப்பினார்கள்.

கொழும்பில் இறங்கினால் சுங்கம். அங்கே பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். பிறகு லொறி. மகியங்கனைப் பாதையால் வந்தால் பதினெட்டு வளைவு என்று பேர்பெற்ற இறக்கம் இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் பெட்டிகள் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சரியும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் வேறு இறக்கி ஏற்றினார்கள். இத்தனைக்கும் கடல் எங்கள் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. ஒலுவிலில் 2013இல் ஒரு துறைமுகமும் திறந்தார்கள். துறைமுக வாயை மண் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது, எங்கள் பெட்டி இன்னும் தீவைக் குறுக்கறுத்துத்தான் வருகிறது. ஒலுவில் மீனவர்களும் தென்னந்தோட்டக்காரர்களும் இழந்ததை நினைத்தால் பெட்டியைப் பற்றிப் பேசும்போதுகூட மனம் கொதிக்கிறது.

கட்டிய விதம் அவிழ்க்கும்போதுதான் தெரியும். தமாமில் பல வருடம் இருந்த என் மச்சானின் பெட்டியை ராத்தா வீட்டில் அவிழ்க்கும்போது நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பேன். மேல்மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு வெறும் காட்போட் மட்டை. அது ஏன் என்று எனக்கு நீண்டகாலம் விளங்கவில்லை. ஒருநாள் மச்சானே சொன்னார்: "சுங்கத்தில பிளேட்டால இழுப்பாங்க. மட்டை இல்லாட்டி உங்க ராத்தாட அபாயாவில கோடு விழும்." எந்தக் கார்கோ கொம்பனியும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததல்ல இது. யாரோ ஒருவரின் அபாயா கிழிந்ததிலிருந்து தமாமில் அவரோடு ஒரே அறையில் இருந்த அத்தனை பேரும் கற்றது.

மட்டைக்குக் கீழே துணி. நான்கு சுவரோடும் கம்பளிகள் மடித்து நிறுத்தியிருக்கும். கம்பளி அனுப்புவதும் ஆயிற்று, பெட்டிக்கு உள்சுவர் எழுப்பியதும் ஆயிற்று. அடியில் நிடோ பால்மா டின்கள். ரைஸ் குக்கரின் பானை வெறுமையாக வராது, அதற்குள் பிள்ளைகளின் காலுறைகளும் அவற்றுக்குள் அத்தர்ப் போத்தல்களும் இருக்கும். சப்பாத்துக்குள்ளும் ஏதாவது இருக்கும். எங்கே வெற்றிடம் இருக்கிறதோ அங்கே பெட்டி அமுங்கும். ஆகவே ஒரு கைப்பிடி வெற்றிடத்தையும் விடுவதில்லை. மூலைகளில் பேரீச்சம்பழப் பெட்டிகளைச் செருகியிருப்பார். மேலிருந்து வரும் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது மூலைகள்தான் என்பது பொறியியல் படித்தவர்களும் சொல்வது. ஷாம்பு போத்தலின் மூடியைக் கழற்றி, வாயில் ஒரு துண்டுப் பொலித்தீனை வைத்து, திரும்ப மூடி, டேப் சுற்றியிருக்கும். விமானத்தில் அனுப்பும்போது இது இன்னும் முக்கியம். பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில் இருக்குமளவுக்குக் குறையக்கூடும். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர்தான். போத்தலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து, மூடியிடுக்கால் ஷாம்புவைத் தள்ளிவிடும்.

மச்சான் சவர்க்காரத்தைச் சாப்பாட்டுச் சாமானோடு வைக்கவே மாட்டார். லக்ஸ் வாசம் பேரீச்சம்பழத்தில் ஏறினால் இறங்காது. பிஸ்கட்டிலும் பால்மாவிலும்கூட ஏறும். நோன்பு திறக்கும் நேரம் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துவிட்டு முகம் சுளித்த மூத்தம்மாமார் எங்கள் ஊரில் உண்டு.

வீட்டு வேலைக்குப் போன பெண்களின் பெட்டி வேறு மாதிரி. அவர்களுக்கு நினைத்தவுடன் கடைத்தெருவுக்குப் போக வழியில்லை. மாதாமாதம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிலுக்கடியில் வைத்து, யாருடைய உதவியும் இல்லாமல் கட்டியவை அவை. டேப் கோணலாக இருக்கலாம். ஆனால் உள்ளே ஒவ்வொரு சாமானும் தனித்தனிச் சொப்பின் பேக்கில், யாருக்கென்று பெயர் எழுதி முடிச்சுப் போட்டிருக்கும். பெட்டி வந்த வீட்டில் பங்குச் சண்டை வராமல் இருக்க அவர்கள் அங்கிருந்தே செய்த ஏற்பாடு அது.

கடல் கடந்து சரக்கு அனுப்புகிறவர்களின் இந்த அறிவு இன்றோ நேற்றோ வந்ததல்ல. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கடலடியில் ஒரு பழைய மரக்கலத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகை தைத்த, அறபுக்கடல் பக்கத்துக் கட்டுமுறை. உள்ளே ஏறத்தாழ 60,000 பாண்டங்கள் இருந்தன. பெரும்பாலானவை சீனாவின் சாங்ஷா சூளைக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய திகதி பொறித்திருந்தது. அந்தக் கிண்ணங்களில் பலவற்றைப் பெரிய சாடிகளுக்குள் சுருள் சுருளாக, ஒன்றோடொன்று சாய்த்து இறுக்கமாக அடுக்கியிருந்தார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் கடலில் கிடந்தும் சாடிக்குள் இருந்தவற்றில் மெருகு கெடவில்லை. இன்று அவற்றைச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் நூதனசாலையில் பார்க்கலாம். ரைஸ் குக்கருக்குள் அத்தர்ப் போத்தலை வைத்த மச்சானும் அந்தச் சாடியை அடுக்கியவரும் ஒரே தொழில்காரர்கள் என்றுதான் நான் எண்ணுகிறேன்.

இப்போது கல்முனைத் தபாற்கந்தோருக்கு வேறு வகைப் பொதிகள் வருகின்றன. கைபேசி உறை, கடிகாரப் பட்டி, தலைத்துணி ஊசி என்று சீனாவிலிருந்து சாம்பல்நிறப் பொலித்தீன் பைகள். சர்வதேசத் தபாலில் சிறுபொதிக்கு எல்லை 2 கிலோ. நிறை கூடக் கூடக் காசும் கூடும் என்பதால் விற்பவர் பெட்டியையே கைவிட்டு, மெல்லிய பையையும் ஒரு சுற்றுக் குமிழ்ப் பொலித்தீனையும் நம்புகிறார். உடையாத சாமானுக்கு இது போதும். புத்தகத்துக்குப் போதாது. ஒருமுறை இங்கிலாந்திலிருந்து ஒரு பழைய புத்தகம் எடுத்தேன். விற்றவர் புத்தகத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் பெரிதான இரண்டு மட்டைகளுக்கு நடுவே அதை வைத்துக் கட்டியிருந்தார். எங்கே விழுந்தாலும் அடி மட்டையின் மூலைக்கு. புத்தகத்தின் மூலைக்கு இல்லை. அதே காலத்தில் வேறோர் இடத்திலிருந்து வந்த தமிழ்ப் புத்தகக் கட்டில் சணல் கயிறு அட்டையை அறுத்து, முதல் பத்துப் பக்கத்துக்கு உள்ளே போயிருந்தது. எழுதியவர், அச்சடித்தவர், விற்றவர் அத்தனை பேரின் உழைப்பும் கடைசியில் ஒரு கயிற்றால் கெட்டது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் மருதமுனை. நாடறிந்த கைத்தறி ஊர் அது. 2004 சுனாமியில் அடிவாங்கி, மறுபடி தறி போட்ட ஊர். அங்கே சில இளைஞர்கள் இப்போது சாரனையும் சேலையையும் நேரடியாக வெளிநாட்டுக்கு விற்கிறார்கள். நூலை நெய்வதில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அனுப்புவதில்தான் தடுமாறுகிறார்கள். சாரன் உடையாது என்பதால் எப்படியும் கட்டலாம் என்று நினைக்கிறார்கள். கஞ்சி போட்ட நூல் ஈரத்தை இழுக்கும், பொலித்தீனுக்குள் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பது வாங்கியவர் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் தெரியவருகிறது.

அப்படி ஒரு தம்பி தன் சாச்சாவிடம் போனார். சாச்சா வளைகுடாவில் ஒரு கார்கோ கடையில் வருடக்கணக்கில் மற்றவர்களின் பெட்டிகளைக் கட்டியவர். இப்போது ஊரில் சின்னச் சில்லறைக் கடை. அவர் சாரனைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "மகன், இதில இன்னும் ஈரம் இரிக்கி. முதல்ல நல்லாக் காய வை. தாள்ல சுத்தி, பிறகு பொலித்தீன்ல போடு. மடிப்புக்குள்ள ஒரு மட்டை வை, இல்லாட்டி கசங்கிப் போகும். முகவரிய உள்ளுக்கயும் ஒண்டு எழுதி வை." பிறகு வானத்தைப் பார்த்தார். மாரி தொடங்கியிருந்தது. "மழைக்க கட்டாத. வெயில் வரட்டும்."

தம்பி டொரொன்டோவில் இருக்கும் வாடிக்கையாளருக்கு, மழை விட்டதும்தான் அனுப்புவேன், காரணம் இது என்று எழுதினார். பரவாயில்லை, இன்னும் இரண்டு சாரனும் சேர்த்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது.