ஸ்பிளிட்டுக்கு டேப் எடுத்துக்கொண்டு போங்கள்

கட்டடக்கலை மாணவர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகும் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பாரிஸ், மிலான், புளோரன்ஸ், ரோம், முடிந்தால் பார்சிலோனா. பத்து நாளில் நான்கு நாடு. பாதி நேரம் பேருந்தில் தூங்கியே போய்விடும், மீதி நேரம் நுழைவுச் சீட்டு வரிசையில் போய்விடும். ஒரு சுவர் எத்தனை கனம், ஒரு படி எத்தனை உயரம் என்று அளந்து பார்க்க எங்கும் பொழுது கிடைப்பதில்லை. கைப்பேசி நிறையப் படங்களோடு திரும்பும் பிள்ளைகளிடம் ஒரு கட்டடத்தின் செக்‌ஷனைப் போடச் சொன்னால் விழிக்கிறார்கள். இத்தனை பணம் செலவழித்து இவ்வளவு தூரம் போகிறவர்கள் ஒரே ஊருக்குப் போக வேண்டும், ஒரே கட்டடத்தோடு ஒரு வாரமாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு ஐரோப்பாவில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், குரோவேஷியாவின் ஏட்ரியாட்டிக் கடற்கரையில் இருக்கும் ஸ்பிளிட்டைச் சொல்வேன்.

ஸ்பிளிட்டின் பழைய நகரமே ஒரு கட்டடம்தான். ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் ஓய்வுக்காலத்தைக் கழிக்கக் கட்டிக்கொண்ட அரண்மனை அது. அருகிலிருந்த சலோனா வட்டாரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, படையில் உயர்ந்து பேரரசரானவர் அவர். கி.பி. 305 மே 1 அன்று தாமாகவே முடியைத் துறந்து இங்கே வந்து குடியேறினார். அவரைத் திரும்ப ஆட்சிக்கு அழைத்தபோது, தாம் நட்டு வளர்த்த முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்று மறுத்துவிட்டதாகப் பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. தோட்டக்காரரின் வீடு என்று எண்ணிவிட வேண்டாம். ஏறக்குறைய 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம், சுற்றிலும் கோட்டை மதில், 16 காவல் கோபுரங்கள், நான்கு திசைக்கும் ஒவ்வொரு வாயில். ரோமானியப் படைமுகாமின் பிளானில் அரச மாளிகையைப் புகுத்தியதுபோல இரண்டு நேர்த் தெருக்கள் நடுவில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. வடக்குப் பாதியில் காவலர்களும் பணியாட்களும் இருந்தார்கள். தெற்குப் பாதியில், கடலைப் பார்த்தபடி, பேரரசரின் இருப்பிடம்.

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவார்களும் ஸ்லாவியரும் படையெடுத்து வந்தபோது சலோனா அழிந்தது. உயிர் தப்பியவர்கள் இந்த மதிலுக்குள் ஒண்டினார்கள். கூடத்தைத் தடுத்து வீடாக்கினார்கள், தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள், காவல் வழியைக் கோயிலாக்கினார்கள். அன்று தொடங்கிய குடித்தனம் இன்றுவரை ஓயவில்லை. மற்ற ரோமானிய அரண்மனைகள் கல்லுக்காகச் சூறையாடப்பட்டு மண்மேடாகப் போக, இது நின்றதற்குக் காரணம் இதுதான். மழை ஒழுகினால் ஓடு மாற்றவும் சுவர் சாய்ந்தால் முட்டுக்கொடுக்கவும் உள்ளே எப்போதும் யாராவது இருந்தார்கள்.

இந்த ஊருக்கான கல்விப் பயணத்துக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞரான ராபர்ட் ஆடம் 1757 ஜூலையில் வெனிஸிலிருந்து கப்பலேறி இங்கே வந்தார். அப்போது அவருக்கு வயது 29. இத்தாலியில் ஏற்கெனவே சில ஆண்டுகள் படித்துவிட்டு, லண்டனில் தொழில் தொடங்குவதற்கு முன் பெயர் சொல்லும்படியான ஒரு நூலைக் கொண்டுவர வேண்டும் என்ற கணக்கோடு வந்தவர். ரோமானியரின் குளியல் மாளிகைகளும் கோயில்களும் பலரால் வரையப்பட்டுவிட்டன. அவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தார்கள் என்பதைத்தான் யாரும் சரியாக அளந்து காட்டவில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஸ்பிளிட்டைத் தேர்ந்தார். பயணத் திட்டம் போடும் ஆசிரியர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இங்கே இருக்கிறது. என்ன கேள்விக்கு விடை தேடிப் போகிறோம் என்பது அவருக்குத் துறைமுகத்தில் இறங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தது.

ஆடம் தனியாக வரவில்லை. ஷார்ல்-லூயி கிளெரிஸோ என்ற பிரெஞ்சு ஓவியரும் படம் வரையும் உதவியாளர் இருவரும் கூட வந்தார்கள். அளப்பவர் அளந்தார், வரைபவர் வரைந்தார், கிளெரிஸோ காட்சிகளைத் தீட்டினார். ஊர் அன்று வெனிஸ் குடியரசின் கையில் இருந்தது. மதிலருகே நூல் பிடித்து அளக்கும் வெளிநாட்டவரைப் பார்த்த ஆளுநர் உளவாளிகளோ என்று சந்தேகித்து வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். வெனிஸ் படையில் உயர்பதவியிலிருந்த கிரேம் என்ற ஸ்காட்லாந்துத் தளபதி தலையிட்ட பிறகுதான் வேலை தொடர்ந்தது. ஏறத்தாழ ஐந்து வாரத்தில் முடித்துக்கொண்டு கிளம்பிய ஆடம், 1764இல் 61 தகடுகள் கொண்ட பெரிய நூலாக அதை வெளியிட்டு மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். பின்னர் லண்டனில் தேம்ஸ் கரையில் அவரும் சகோதரர்களும் கட்டிய அடெல்ஃபி வீட்டு வரிசை, ஆற்றோரச் சரிவில் வளைவு அறைகளை அடுக்கி அவற்றின் மேல் நின்றது. ஸ்பிளிட்டின் கடல் முகப்பைப் பார்த்த கண்ணில் பிறந்த கட்டடம் அது. 1930களில் அதன் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள்.

அந்த நூலைக் கட்டாயம் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிளெரிஸோவின் கையிலிருந்து வந்த காட்சிப் படங்களில் மதிலின் மேல் ஒட்டிக்கொண்ட வீடுகள், தெருவில் நிற்கும் மக்கள் எல்லாம் இருக்கின்றன. ஆடமின் சீரமைப்புப் படங்களில் அவர்கள் யாரும் இல்லை. பேரரசர் கட்டியபோது எப்படி இருந்திருக்கும் என்பதை மட்டும் சமச்சீராக, மாசில்லாமல் வரைந்திருக்கிறார். தெரியாத இடங்களை ஊகத்தால் நிரப்பியிருக்கிறார். பேரரசரின் கூடங்கள் இருந்த மேல்தளத்தில் பெரும்பகுதி அன்றே போய்விட்டிருந்தது.

அந்தப் போன மேல்தளத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிவது நிலவறைகளால்தான். ஸ்பிளிட்டில் முதல் நாள் காலை இறங்க வேண்டிய இடம் அதுவே. நிலம் வடக்கிலிருந்து கடல் பக்கமாகச் சரிகிறது. தெற்குப் பாதியில் தரையைச் சமமாக்க, பெரிய வளைகூரை அறைகளைக் கட்டி, அவற்றின் மேல் மாளிகையை எழுப்பினார்கள். மேல் சுவரைக் கீழ்ச்சுவர் தாங்க வேண்டும் என்பதால், மேலே வட்ட அறை இருந்த இடத்தில் கீழேயும் வட்டம், மேலே நீள்கூடம் இருந்த இடத்தில் கீழேயும் நீள்கூடம். மேல் வீடு அழிந்தாலும் அதன் பிளான் கீழே பத்திரமாக இருக்கிறது. சுமை எப்படி இறங்குகிறது என்று வகுப்பறையில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தாலும் பதியாத விஷயம், இந்த அறைகளில் ஒரு மணி நேரம் டேப் பிடித்தால் பதிந்துவிடும்.

நிலவறைகள் தப்பியதும் குப்பையால்தான். இடைக்காலத்தில் மேலே குடியிருந்தவர்கள் வளைகூரையில் துளை போட்டுக் கழிவுகளைக் கீழே தள்ளினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்தக் குப்பை கூரை வரை நிறைந்து, வளைவுகளுக்கு உள்ளிருந்தே முட்டுக்கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விட்ஸ்கோ ஆந்த்ரிச் என்ற கட்டடக் கலைஞர் ஒரு பகுதியைத் துப்புரவாக்கினார். 1950களில் கட்டடக் கலைஞர் யெர்கோ மராசோவிச்சும் கலை வரலாற்றாசிரியர் தொமிஸ்லாவ் மராசோவிச்சும் முன்னின்று பெரிய அளவில் அகழத் தொடங்கினார்கள். அப்படித்தான் அரச இருப்பிடத்தின் உருவம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. இன்று அந்த அறைகளில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் படப்பிடிப்பு நடந்த இடத்தைத் தேடி வருகிறவர்கள்தான் அதிகம். வரட்டும். மாணவர்கள் சுவரில் கல் வரிசை முடிந்து செங்கல் தொடங்கும் இடத்தைத் தேடட்டும்.

கீழிருந்து படியேறினால் நேராக பெரிஸ்டைல் முற்றம். இரு பக்கமும் தூண் வரிசை, தூண்களின் தலையிலிருந்து நேரடியாகப் புறப்படும் வளைவுகள். அதற்கு முந்தைய ரோமானிய வழக்கப்படி தூண்மேல் கிடைமட்ட உத்தரம் படுத்திருக்கும். இங்கே வளைவே தூணில் கால் ஊன்றுகிறது. பிறகு ஐரோப்பாவின் தேவாலயங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடக்கப்போவது இங்கே தெரிகிறது. வெள்ளைச் சுண்ணாம்புக்கல் எதிரிலுள்ள பிராச் தீவிலிருந்து வந்தது. சிவப்புக் கிரானைட் தூண்கள் எகிப்திலிருந்து கடல் கடந்து வந்தன. அவற்றோடு வந்த ஸ்ஃபிங்ஸ் சிலைகளில் ஒன்று கருங்கல்லில் இன்னும் முற்றத்தின் ஓரத்தில் படுத்திருக்கிறது. டயோக்ளீஷியன் காலத்துக்கும் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முற்பட்டது அது.

முற்றத்தின் கிழக்கே பேரரசர் தமக்காகக் கட்டிய கல்லறை மண்டபம். வெளியே எண்கோணம், உள்ளே வட்டம், சுற்றிலும் தூண் நடை. கிறிஸ்தவர்களை வேட்டையாடிய அவருடைய ஆட்சியின் தொடர்ச்சியாக 304இல் சலோனாவில் கொல்லப்பட்டவர் ஆயர் தொம்னியுஸ். அவருடைய பெயரில்தான் இந்தக் கல்லறை பின்னர் பேராலயமானது. பேரரசரின் உடல் வைத்த பேழை எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியாது. வாசல் கதவை மட்டுமே அரை நாள் பார்க்கலாம்: 1214இல் ஆந்த்ரியா புவினா அக்ரூட் மரத்தில் செதுக்கிய 28 காட்சிகள், கிறிஸ்துவின் வாழ்க்கை. மேலே விதானத்தில் செங்கற்கள் விசிறி விசிறியாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் விதத்தைக் கிளெரிஸோபோலப் பொறுமையாக வரைய ஒருவரை நியமிக்க வேண்டும். மேற்கே இருந்த யூப்பிட்டர் கோயில் இப்போது ஞானஸ்நானக் கூடம். அதன் வளைகூரைச் சதுரங்கள் அப்படியே இருக்கின்றன.

எந்தக் காலத்துச் சுவரைக் காப்பது, எதை இடிப்பது என்ற கேள்வி இந்த ஊரில் நெடுநாள் சண்டை. 19ஆம் நூற்றாண்டில் பலரும் ரோமானியச் சுவரை மறைக்கும் வீடுகளை அகற்றிவிட வேண்டும் என்றார்கள். ஆஸ்திரியப் பேரரசின் நினைவுச்சின்ன ஆணையத்திலிருந்து வந்த அலோய்ஸ் ரீகல் இதை நேரில் ஆராய்ந்து, இடைக்கால அடுக்குகளையும் பிற்காலத்து அடுக்குகளையும் காக்க வேண்டும் என்று 1903இல் அறிக்கை தந்தார். ரீகல் சொன்னதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். வடக்கு வாயிலுக்கு மேலே காவலர் நடந்த ஒடுங்கிய வழிக்குள் புனித மார்ட்டின் தேவாலயம் இருக்கிறது. அகலம் ஏறக்குறைய 1.64 மீட்டர். அதைத் தூய ரோமானியத்தின் பெயரால் எடுத்துவிட்டால் வாயில் அழகாகும், வரலாறு பொய்யாகும். ஆனால் ரீகலின் கொள்கையையும் கிழக்கு வாயில் வம்புக்கு இழுக்கிறது: அதன்மேல் கட்டப்பட்டிருந்த தேவாலயம் இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் இடிந்த பிறகுதான் வாயில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. இந்த இரண்டு வாயில்களையும் அருகருகே வைத்து மாணவர்களை ஒரு மாலை முழுக்க வாதாட விடுங்கள்.

இனி ஏற்பாடுகள். குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியிலும் யூரோவிலும் இருக்கிறது. அதனால் ஷெங்கன் விசாவுக்குப் பல மாதம் முன்பே நாள் வாங்க வேண்டும். ஆடம் போன ஜூலை, ஆகஸ்டில் போக வேண்டாம். வெயில் ஒரு பக்கம், உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கும் கூட்டம் இன்னொரு பக்கம். பெரிஸ்டைலில் டேப்பை விரிக்க இடம் இருக்காது. ஏப்ரல், மே நல்லது. மே 7 ஊர்க் காவலரான புனித தொம்னியுஸின் திருவிழா; அன்று அளவெடுக்க முடியாது, ஊரைப் பார்க்கலாம். முக்காலியும் லேசர் கருவியும் கொண்டு அளக்க முன் அனுமதி எழுதி வாங்க வேண்டும். ஆடமுக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும். புறப்படுமுன் குழுவைப் பிரித்துவிடுங்கள்: நிலவறை, முற்றம், கல்லறை மண்டபம், வாயில்கள், பிற்கால வீடுகள். கடைசிக் குழுவுக்குத்தான் வேலை கடினம். கெட்டிக்காரப் பிள்ளைகளை அதில் போடுங்கள்.

ஒரு நாள் சலோனாவுக்கு ஒதுக்க வேண்டும். நகரப் பேருந்திலேயே போகலாம். ஆம்பிதியேட்டரும் தேவாலயங்களும் அடித்தளமாகக் கிடக்கின்றன; மக்கள் விட்டுப்போன ரோமானிய நகரம் எப்படி ஆகும் என்பது அங்கே தெரியும். யாட்ரோ ஆற்றின் ஊற்றிலிருந்து அரண்மனைக்கு வந்த சுமார் 9 கிலோமீட்டர் நீர்க்கால்வாய் வழியிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்து மறுபடி ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இன்னொரு நாள் கப்பலில் பிராச் தீவு. அங்கே புச்சிஷ்சா என்ற ஊரில் 1909இல் தொடங்கிய கல்தச்சுப் பள்ளி நடக்கிறது. ரோமானியர் கையாண்ட வகை உளிகளையும் சுத்திகளையும் வைத்துப் பதின்வயதுப் பிள்ளைகள் போதிகை செதுக்குகிறார்கள். முற்றத்தில் அளந்த கல் எப்படி அந்த வடிவத்துக்கு வந்தது என்பதை நம் மாணவர்கள் அங்கே கையில் வாங்கிப் பார்க்கலாம்.

தங்குமிடம் மட்டும் மதிலுக்குள் வேண்டாம். 1960களில் ஒல்லாந்துக் கட்டடக் கலைஞர் யாப் பாகெமா இந்த அரண்மனையை, ஒரு பேரரசரின் வீடு மூவாயிரம் பேரின் ஊரானது என்று வியந்து எழுதினார். அந்த எண்ணிக்கை இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. வீடுகள் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன, மளிகைக்கடை இருந்த இடத்தில் நினைவுப்பொருள் கடை வருகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கட்டடத்தைக் காத்த குடித்தனம் வெளியேறுவதற்கு நம் குழுவும் ஒரு அறை வாடகையாகத் துணைபோக வேண்டியதில்லை. நகரின் கிழக்கே ஸ்பிளிட் 3 என்ற பெரிய குடியிருப்பு இருக்கிறது. 1968இல் நடந்த போட்டியில் விளாதிமிர் முஷிச், மர்யான் பெஜான், நிவெஸ் ஸ்டார்ட்ஸ் ஆகிய ஸ்லோவேனியர்கள் வென்ற திட்டம், 1970களில் எழுந்தது. வண்டிகள் நுழையாத நடைத் தெருக்கள், கீழே கடைகள், மேலே வீடுகள். பழைய ஊரின் தெருவில் நடந்து பழகியவர்கள் யோசித்த கான்கிரீட் ஊர் அது. அங்கே அறை எடுத்து, பகலெல்லாம் அரண்மனையில் அளந்துவிட்டு, மாலையில் திரும்பி வந்து அந்தத் தெருவின் அகலத்தையும் அளந்து, இரண்டு செக்‌ஷன்களையும் ஒரே தாளில், ஒரே அளவீட்டில் போடச் சொல்லுங்கள்.