மீகாமனின் வசவு

மனிதனுக்குப் பேச்சு வந்த மறுநாளே வசவும் வந்திருக்க வேண்டும் என்பது நம்முடைய அபிப்பிராயம். தமிழிலோ அதற்கு இலக்கணமே இருக்கிறது. தொல்காப்பியர் வசைக்கு 'அங்கதம்' என்று பெயரிட்டு, வெளிப்படையாக வைவது ஒன்று, மறைத்து வைவது ஒன்று என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். பிற்காலத்தில் காளமேகப் புலவர் வசை பாடியே பெரும் புகழ் பெற்றார். இப்படிப்பட்ட பாஷையில் ஒரு கிழ மாலுமிக்கு நாலு வசவு எழுதித் தரும் வேலை அண்மையில் நமக்கு வாய்த்தது.

விஷயம் இதுதான். நம் சித்திரக்கார நண்பர் ஒருவர் குழந்தைகளுக்காகச் சோழர் காலத்துக் கதை ஒன்றைப் படக்கதையாக வரைந்து வருகிறார். 1025-ம் ஆண்டில் ராஜேந்திர சோழரின் கப்பற்படை கடாரத்தின்மேல் சென்றதல்லவா? அந்தச் சமயத்தில் நடக்கும் கதை. அதிலே ஒரு மீகாமன், அதாவது கப்பலோட்டி, வருகிறான். நரைத்த மீசை, தங்கமான மனசு. ஆனால் வாயைத் திறந்தால் வசவுதான். "பழைய காலத்து வாசனை வீச வேண்டும்; எட்டு வயதுக் குழந்தைக்கும் புரிய வேண்டும்" என்று நண்பர் நிபந்தனை போட்டார்.

முதல் வேலை களையெடுப்பு. 'பேமானி' உருதுவின் வழியாக வந்த சொல். 'ராஸ்கல்' வெள்ளைக்காரர் விட்டுப் போன ஆஸ்தி. இரண்டும் மீகாமன் வாயில் நுழையக் கூடாது. 'பீரங்கி வாயா!' என்று அவன் அதட்ட முடியாது. கடாரப் படையெடுப்பில் பீரங்கி ஏது? 'மிளகாய் மூஞ்சி' என்றும் சொல்ல வழியில்லை. வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டில் வந்து இறங்கிய பிறகல்லவா, போர்த்துக்கீசியரால் மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது? சோழர் காலத்துக் கோபத்துக்குக் காரம் ஊட்ட மிளகு ஒன்றுதான் உண்டு!

இந்த வழியில் நமக்கு முன்னே நடந்தவர் ஒருவர் இருக்கிறார். பெல்ஜிய நாட்டுச் சித்திரக்காரர் எர்ஷே, 1940-41-ல் வெளிவந்த டின்டின் கதையில் காப்டன் ஹாடக் என்ற மாலுமியைப் படைத்தார். சிறுவர் படிக்கும் கதையானபடியால் ஆபாசச் சொல் உதவாது. எனவே விலங்கியல் பெயர்களையும் இலக்கணக் கலைச் சொற்களையும்கூட ஹாடக் ஆவேசத்துடன் வீசினான். வசவின் சூடு ஆபாசத்தில் இல்லை, ஓசையிலும் வேகத்திலும் இருக்கிறது என்பது அவன் கற்பிக்கும் பாடம்.

அந்தப் பாடத்துடன் கல்வெட்டுப் புஸ்தகங்களைப் புரட்டினோம். நேயர்களே, புதையல் கிடைத்தது! சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளைத் தானம் செய்வது வழக்கம். அவற்றின் பாலிலிருந்து வரும் நெய்யில் விளக்கு அணையாமல் எரிய வேண்டும். எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் பாய்மரம் கட்டத் தெரியாத பையனைப் பார்த்து நம் மீகாமன், "தொண்ணூற்றாறு ஆடு கொடுத்தும் எரியாத விளக்கே!" என்று கர்ஜிக்கிறான். தஞ்சைப் பெரிய கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று இறைவன் திருநாமமே பெயர். அரைகுறைப் புத்திக்காரனுக்கு, "ஆடவல்லானுக்கு ஒரு நாழி குறைந்தவனே!" என்று ஒரு வசவு தயாராயிற்று. உத்தரமேரூரில் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி குடவோலையில் இடக் கூடாதென்று அவை விதிக்கின்றன. அரிசி மூட்டையைத் திருடிய பண்டகசாலைக்காரனை மீகாமன் வேறு எப்படி அழைப்பான்? "கணக்குக் காட்டாத வாரியத்தானே!" என்றுதான். இந்த வசவுக்கு இன்றைக்கும் உபயோகம் உண்டென்று சில நேயர்கள் கருதலாம்.

இங்கேதான் நண்பர் ஓர் ஆக்ஷேபம் கிளப்பினார். "இவ்வளவும் அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் மனிதர் பிறந்த குலத்தைச் சொல்லித்தானே அதிகம் வைதிருப்பார்கள்? அதை விட்டால் சரித்திரத்துக்குத் துரோகம் ஆகாதா?"

கேள்வி நியாயமானது. ராஜராஜர் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டிலேயே 'தீண்டாச்சேரி' என்ற சொல் கிடக்கிறது. அதை மறைக்க நமக்கு உரிமையில்லை. ஆகையால் கதையில் அந்தச் சேரியை வரையுங்கள் என்றோம். கொடியவன் ஒருவன் அந்தச் சொல்லைச் சொல்லட்டும். கேட்டவன் முகம் சுருங்குவதைக் குழந்தை பார்க்கட்டும். சரித்திரம் அங்கே இருக்கிறது. ஆனால் நம் மீகாமன் சொல்லக் கூடாது. ஏனென்றால் குழந்தைகள் நேசிக்கப் போவது அவனைத்தான். அவன் வைதால் அது வேடிக்கை. வேடிக்கையான சொல் மறுநாளே பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விடும். அங்கே அந்தக் குலத்தில் பிறந்த குழந்தையும் விளையாடிக் கொண்டிருக்கும்.

1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம் தன் 17-வது ஷரத்தில் தீண்டாமையை ஒழித்தது. தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் பலர் முன்னிலையில் இழிவு செய்வோரைத் தண்டிக்க 1989-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் குலத்தையும், உடல் ஊனத்தையும், கணவனை இழந்த பெண்ணின் துயரத்தையும் வசவாக்கிய சொற்கள் நம் தெருக்களில் இன்னும் உலவுகின்றன. செய்த குற்றத்துக்கு வைதால் அது கண்டனம். பிறந்த பிறப்புக்கு வைதால் அது கொடுமை. இரண்டுக்கும் உள்ள தூரம் நாகைக்கும் கடாரத்துக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

நண்பர் ஒப்புக்கொண்டு, தூரிகையை எடுத்தார். முதல் ஏழு பக்கங்களை அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டினோம். அன்று சாயங்காலம் பந்தைத் தவறவிட்ட பையனைப் பார்த்து அவன் தங்கை, "தொண்ணூற்றாறு ஆடு கொடுத்தும் எரியாத விளக்கே!" என்று கூவினாள். வசவு வாங்கிய பையன்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.